பசை மேல் பழி போடாதீர்கள்: மாடல் விமானம் ஒட்டுவதும் பிடிப்பதும் பற்றி ஒரு விமர்சனம்

பிளாஸ்டிக் மாடல் விமான கிட் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் பெயின்ட் பற்றி எழுதுகிறார்கள், ஸ்டிக்கர் பற்றி எழுதுகிறார்கள், எந்தப் பசை நல்ல பசை என்று சண்டை போடுகிறார்கள். பசை காயும் வரை இரண்டு பாகங்களையும் எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதைப் பற்றி எழுதுவது குறைவு. எழுதினாலும் "ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வையுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

கிட்டோடு வரும் செய்முறைத் தாள் இன்னும் மோசம். 7-ம் எண் பாகத்திலிருந்து 8-ம் எண் பாகத்துக்கு ஒரு அம்புக்குறி இருக்கும். சிலவற்றில் பக்கத்தில் ஒரு பசைத் துளி படம். அவ்வளவுதான். அந்த அம்புக்குறிக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் யார் பிடித்துக்கொள்வது, எவ்வளவு நேரம், எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தி என்று எதுவும் இருக்காது. புதிதாகக் கையில் எடுத்தவர் திணறுவது அந்த இடைவெளியில்தான். இறக்கை கோணலாகிவிட்டால் "பசை சரியில்லை" என்பார், இல்லையென்றால் "நமக்குக் கை வரலை" என்று பெட்டியை மூடிப் பரண் மேல் போட்டுவிடுவார். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து, கஸ்டம்ஸ் கட்டி வரவழைத்த பெட்டி.

இந்தப் பதிவில் சொல்ல வருவது ஒன்றுதான். பிடிப்பு என்பது பலப் பரீட்சை கிடையாது. ஒரு கிட்டை எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறதோ அந்த அளவுக்கு அதன் வடிவமைப்பில் கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறுக்குப் பசையையும் வெயிலையும் கையையும் குற்றம் சொல்வது ஒரு பழைய பழக்கம். எவ்வளவு பழையது என்பதற்கு 1944-ல் இந்தியாவில் நடந்த ஒரு கதை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், ஒட்டும்போது என்ன நடக்கிறது

கிட்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வருகின்றன. அதற்கு நாம் போடுவதைப் பசை என்று சொன்னாலும் அது பசையே இல்லை, கரைப்பான். உதாரணத்துக்கு டமியாவின் பச்சை மூடி பாட்டிலில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும். இது இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கின் மேல்தோலையும் இளக்குகிறது. இளகிய இடத்தில் இந்தப் பக்கத்து மூலக்கூறுச் சங்கிலிகள் அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்தவை இந்தப் பக்கத்துக்கும் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டு பாகம் ஒரே பாகமாகிவிடுகிறது. கொல்லன் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி ஒன்றாக்குகிற மாதிரி, ஆனால் நெருப்பில்லாமல்.

இதில் கவனிக்க வேண்டியது, சங்கிலிகள் பின்னிக்கொள்ள இரண்டு பக்கமும் தொட்டால் போதும், நசுக்கத் தேவையில்லை. மர வேலையில் ஃபெவிகால் போட்டு கிளாம்ப் முறுக்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இறுக்கினால்தான் ஒட்டும் என்று ஒரு எண்ணம். மரத்துக்கு அது நியாயம். அங்கே பசை தனிப் பொருள், அது மெல்லிய படலமாக இருக்க வேண்டும், அதனால் அழுத்தம் வேண்டும். பாலிஸ்டைரீனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அளவுக்கு மீறி அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் விளிம்பு வழியாகப் பிதுங்கும். கொஞ்சம் பிதுங்குவது நல்லதுதான். தெரிந்தவர்கள் வேண்டுமென்றே லேசாக அழுத்தி, மெல்லிய கோடாக வெளியே வரவைத்து, ஒரு நாள் காயவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், இணைப்புக் கோடு மறைந்துவிடும். கூடுதலாக அழுத்தினால் இரண்டு பாதியும் வழுக்கி ஒன்றின் மேல் ஒன்று படி கட்டி நிற்கும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. வளைந்து போன பாகத்தை வலுக்கட்டாயமாக நேராக்கி ஒட்டினால் அந்த இறுக்கம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே தங்கிவிடும். இறுக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீன் மேல் கரைப்பான் பட்டால் நுண்ணிய விரிசல் விடும். பொறியியலில் இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. உடனே தெரியாது. பெயின்ட் அடித்து, ஷெல்ஃபில் வைத்து, ஆறு மாதம் கழித்து இணைப்புக் கோடு மயிரிழையாகப் பிளக்கும். அப்போதும் பசைக்குத்தான் திட்டு விழும்.

பிடிப்புக்கு மூன்று வேலை

ஒட்டும்போது பிடிப்பு செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. பாகம் சரியான இடத்தில் உட்கார வேண்டும். விளிம்பு முழுக்கத் தொட வேண்டும். காயும் வரை அசையாமல் இருக்க வேண்டும். நாம் புழங்கும் சாமான்களை இந்த மூன்றையும் வைத்து எடைபோட்டால் ஆச்சரியமான முடிவுகள் கிடைக்கின்றன.

விரல்: இடத்தைச் சரியாக வைக்க விரலை மிஞ்ச எதுவும் இல்லை. தொடுகையையும் உணரும். ஆனால் அசையாமல் இருக்காது. அதோடு மெல்லிய கரைப்பான் இண்டு இடுக்கெல்லாம் தானாக ஓடும். விரல் இணைப்புக் கோட்டின் மேல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடும். ரேகை அப்படியே இறக்கையில் பதிந்துவிடும்.

ரப்பர் பேண்ட்: எல்லோரும் சொல்வது இதைத்தான், மூன்று வேலையில் ஒன்றைத்தான் அது ஒழுங்காகச் செய்கிறது. உருண்டையான விமான உடலில் சுற்றினால் அழுத்தம் மேடான இடங்களில் போய்க் குவியும், பள்ளமான இடத்தில் தொடுகை இருக்காது. மெல்லிய பாகமாக இருந்தால் உள்பக்கமாக நசுங்கும். இடத்தைச் சரிசெய்யும் சக்தி அதற்கு அறவே கிடையாது. தப்பான இடத்தில் இருந்தால் தப்பான இடத்திலேயே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்!

துணி கிளிப்: இறக்கையின் பின்விளிம்புக்கு நல்லது. மரக் கிளிப்பாக இருந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றி இரண்டு கட்டையையும் திருப்பிப் போட்டால் நீண்ட மூக்கு கிடைக்கும், உள்ளே தள்ளிப் பிடிக்கலாம். பிளாஸ்டிக் கிளிப்பில் இது நடக்காது.

மாஸ்கிங் டேப்: என் ஓட்டு இதற்கு. ஒரு பக்கம் ஒட்டி, லேசாக இழுத்து, இணைப்புக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் ஒட்ட வேண்டும். இழுவை இரண்டு விளிம்பையும் நேருக்கு நேர் சேர்க்கும், நசுக்காது. இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக ஒட்டி, எல்லாம் சரியாக உட்கார்ந்ததை வெளிச்சத்தில் பார்த்த பிறகு, டேப் இல்லாத இடங்களில் மட்டும் தூரிகையால் கரைப்பானைத் தொட்டு வைக்கலாம். அது தானே உள்ளே ஓடிக்கொள்ளும். காய்ந்ததும் டேப்பை எடுத்துவிட்டு மிச்ச இடத்தைத் தொட வேண்டும். டேப்புக்கு மேலேயே தொட்டால் அடியில் ஓடிப் பாழாக்கும்.

அட்டைச் சட்டம்: இறக்கை மேல்நோக்கிச் சரிந்திருக்கும் கோணம், இரட்டை இறக்கை விமானங்களின் தூண்கள், இதற்கெல்லாம் கிளிப்பும் டேப்பும் உதவாது. கெட்டி அட்டையில் கோணத்தை வெட்டி, விமானத்தை அதில் உட்காரவைத்து விட்டுவிட வேண்டும். பிள்ளைகளின் லெகோ கட்டைகள் செங்கோணத்துக்கு அற்புதம்.

வரிசையைக் கவனித்தீர்களா? ரப்பர் பேண்டிலிருந்து கீழே வர வர இறுக்கம் குறைகிறது, இடம் சொல்லும் திறன் கூடுகிறது. நல்ல பிடிப்பு என்பது இடத்தைச் சொல்வது. இறுக்குவது அதற்குப் பின்னால் வருவது.

விருத்தாசலத்துப் பட்டறையில்

இது விருத்தாசலத்துக்காரர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். திட்டக்குடியிலிருந்து கிழக்கே போனால் விருத்தாசலம், செராமிக் தொழிலுக்குப் பேர் போன ஊர். அங்கே பொம்மை வார்க்கும் பட்டறையில் பாரிஸ் சாந்து அச்சைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பாதியில் சின்னக் குமிழ்கள், மறு பாதியில் அதே இடத்தில் குழிகள். இரண்டையும் சேர்த்தால் குமிழ் குழியில் உட்கார்ந்து, அச்சு ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தும். மேலே சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையை ஒரு சுற்று போட்டுவிட்டுக் களிமண் கூழை ஊற்றுவார்கள்.

டியூப் பட்டை அங்கே அச்சை நேராக்குவதில்லை. நேராக்குவது குமிழும் குழியும். பட்டை திறந்துகொள்ளாமல் காவல் இருக்கிறது, அவ்வளவுதான். குமிழ் தேய்ந்த அச்சைப் பட்டையால் காப்பாற்ற முடியாது, பொம்மையின் மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போய்விடும்.

தனியாக வார்த்த கையையோ கைப்பிடியையோ ஒட்டும்போது அவர்கள் இறுக்குவதே இல்லை. இரண்டும் ஒரே பாதி காய்ந்த பதத்தில் இருக்க வேண்டும், இரண்டு முகத்தையும் கீறிவிட்டு, கூழ் தடவி, வைத்து லேசாக அமுக்கினால் முடிந்தது. பதம் வேறு வேறாக இருந்தால் ஒன்று அதிகம் சுருங்கும், இன்னொன்று குறைவாகச் சுருங்கும். ஒட்டிய அன்றைக்கு எதுவும் தெரியாது. சூளையில் போய் வெடிக்கும். வெடித்த இடம் சூளை, தப்பு நடந்த இடம் ஒட்டிய மேசை. பட்டறைக்காரர் யாரும் சூளையைத் திட்ட மாட்டார்.

கிட்களை இந்தக் கண்ணால் பார்த்தால்

பிளாஸ்டிக் விமான கிட்டின் வரலாறே இந்தக் குமிழ்–குழியின் வரலாறு என்று சொல்லலாம். 1936-ல் இங்கிலாந்தின் ஃப்ராக் நிறுவனம் 'பெங்குவின்' வரிசையைக் கொண்டுவந்தது. அது செல்லுலோஸ் அசிடேட், காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளும் பொருள். வளைந்த பாகத்தை எவ்வளவு பிடித்தும் பயனில்லை. பிறகு பாலிஸ்டைரீன் வந்தது. 1953-ல் ஏர்ஃபிக்ஸ் முதல் ஸ்பிட்ஃபயரைப் பாலிதீன் பையில் போட்டு இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. சிறுவர்களின் கைக்காசுக்கு எட்டும் விலை. அந்தத் தலைமுறைக் கிட்களில் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன நாக்கு, ஒரு துளை, அவ்வளவுதான். கோணத்தை நாம்தான் காக்க வேண்டும்.

இன்றைய நல்ல கிட்களில் நிலைமை வேறு. இறக்கையின் உத்தரம் உடலுக்குள் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வரை போகும். பசை போடும் முன்பே கோணம் தீர்மானமாகிவிடுகிறது. டமியாவின் அண்மைக்கால 1/48 விமானங்களை எல்லோரும் புகழ்வதற்குக் காரணம் வெறும் அச்சு நேர்த்தி கிடையாது. பாகத்தின் கடைசி வடிவம் எங்கே ஒட்ட வேண்டும் என்பதைத் தானே சொல்கிறது, தப்பாக வைக்கவே விடுவதில்லை. விருத்தாசலத்து அச்சின் தத்துவம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் 2009 முதல் 2020 வரை முதல் உலகப்போர் விமானங்களை 1/32 அளவில் செய்தது. பொருத்தம் அவ்வளவு நெருக்கம். ஒட்டும் முகத்தில் பெயின்ட் படலம் தங்கிவிட்டால்கூட பாகம் உட்காராது, அந்தத் தடிமன் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து கடைசியில் உடல் மூடாது. நெருக்கமான பொருத்தம் செய்பவரிடமும் அதே ஒழுக்கத்தைக் கேட்கிறது. ஒட்டும் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யத் தெரியாதவர் கையில் இந்த வகைக் கிட், பழைய தளர்ந்த கிட்டைவிட அதிகத் தொல்லை கொடுக்கும். ஆகவே "பொருத்தம் பிரமாதம்" என்று விமர்சனத்தில் எழுதினால் மட்டும் போதாது. யார் கைக்குப் பிரமாதம் என்றும் எழுத வேண்டும்.

1944: பழி வானிலைக்கு

இப்போது நான் சொன்ன கதை. மாடல் அல்ல, நிஜ விமானம். ஆனால் மாடல் மாதிரியே செய்தது.

டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ, 1940 நவம்பரில் முதலில் பறந்தது. மர விமானம். உடலை நெடுக்காக இரண்டு பாதியாகச் செய்தார்கள், நம் கிட்களில் வருகிற மாதிரியே. மரத்தாலோ கான்கிரீட்டாலோ செய்த அச்சின் மேல் மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை, நடுவில் பால்சா, மேலே மறுபடி ஒட்டுப்பலகை. காயும் வரை எஃகுப் பட்டைகளால் சுற்றி இறுக்கினார்கள். ராட்சச ரப்பர் பேண்ட்! பிறகு உள்ளே போக வேண்டிய கருவிகளில் பெரும்பகுதியைப் பாதி உடலாக இருக்கும்போதே பொருத்திவிட்டு இரண்டையும் மூடினார்கள். முதலில் காக்பிட், பிறகு உடலை ஒட்டு என்று செய்முறைத் தாளில் வரும் அதே வரிசை. தொடக்கத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை, பிறகு யூரியா ஃபார்மால்டிஹைடு பசை.

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவுகள் சில 1944-ல் பர்மா போருக்காக மொஸ்கிட்டோவுக்கு மாறின. பெங்களூருக்குப் பக்கத்து யலஹங்காவிலும் அந்த விமானங்கள் இருந்தன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் சில விமானங்கள் விழுந்தன. இறக்கையின் மேல்தோல் உத்தரத்திலிருந்து கழன்றுகொள்வதாகச் சந்தேகம் வந்தது. உடனே கிளம்பிய பேச்சு, வெயிலிலும் மழையிலும் பசை விட்டுப்போகிறது என்பது.

விசாரிக்க ஒரு குழு இந்தியா வந்தது. தலைமை மேஜர் ஹெர்வர்ட் டி ஹாவிலண்ட், கம்பெனியை நிறுவிய ஜெஃப்ரி டி ஹாவிலண்டின் தம்பி. 1944 டிசம்பரில் அவர்கள் சொன்ன முடிவு: பசை கெடவில்லை, பருவமழையில் மரச்சட்டம் சுருங்கியதே காரணம். பிற்பாடு நடந்த இன்னொரு ஆய்வு தயாரிப்புக் கோளாறு என்று திட்டவட்டமாகச் சொன்னது. விமானத் தயாரிப்பு அமைச்சகம் இங்கிலாந்தில் டெஃபோர்டில் ஆராய்ந்தபோது, ஹாட்ஃபீல்டிலும் லீவ்ஸ்டனிலும் செய்யப்பட்ட ஆறு வகை மொஸ்கிட்டோக்களில் அதே மாதிரிக் குறைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுகூடப் பருவமழையையே பார்த்ததில்லை. ஒட்டிய தரம் போதாது என்பதுதான் அவர்கள் கண்டது. இருந்தும் விமானத்தின் மேல் நம்பிக்கை குலையக்கூடாது என்று, 'பெரும்பாலும் தட்பவெப்பம்தான்' என்ற முதல் முடிவையே விமான அமைச்சகம் (ஏர் மினிஸ்ட்ரி) பிடித்துக்கொண்டது. இறக்கை நெடுக ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றை வைத்து இணைப்பை மூடினார்கள்.

எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. கஸ்டமர் புகார் கொடுத்தால் "என்வைரன்மென்ட் இஷ்யூ" என்று எழுதி டிக்கெட்டை மூடுவது. எங்கள் மெஷினில் ஓடுகிறது, உங்கள் ஊரில்தான் ஏதோ சரியில்லை.

நியாயமாகச் சொன்னால், தட்பவெப்பம் பொய்யில்லை. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஆனால் முழுக்கத் தொட்டு ஒட்டிய இணைப்பில் தண்ணீர் நுழைய வழி குறைவு. ஏற்கெனவே இருந்த இடைவெளியைப் பருவமழை கண்டுபிடித்தது. சூளை வெடிப்பைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி. அங்கே உயிர் போனவர்கள் விமானிகள். பழி போனது நம் ஊர் வானத்துக்கு.

நம் மேசைக்கு வந்தால்

அதே பேச்சை நம் மாடல் நண்பர்களிடமும் கேட்கிறேன். "நம்ம ஊர் வெயிலுக்கு இந்தப் பசை சரிவராதுங்க." திட்டக்குடியில் சித்திரை மாதம் மாடி அறையில் மெல்லிய கரைப்பான் சீக்கிரம் ஆவியாகும், உண்மை. அதனால் வேலை செய்ய நேரம் குறையும், காலையிலேயே உட்கார வேண்டும். ஃபெவிக்விக் மாதிரி சயனோஅக்ரிலேட் பசைகள் காற்றில் இருக்கும் ஈரத்தால்தான் இறுகுகின்றன, ஐப்பசி மழையில் இன்னும் வேகமாகவே பிடிக்கும். வெயிலும் மழையும் நேரத்தை மாற்றும். இடைவெளியை உண்டாக்காது.

யார் குற்றம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. பசையே இல்லாமல் பாகங்களைச் சேர்த்து, மூன்று துண்டு டேப் மட்டும் போட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் கசியாவிட்டால் கிட் தன் வேலையைச் செய்திருக்கிறது, பிறகு தப்பினால் நம் கை. கசிந்தால், விரலால் லேசாக அமுக்கும்போது மூடுகிறதா பாருங்கள். மூடினால் டேப் போதும். பலமாக அமுக்கினால்தான் மூடும் என்றால் நிறுத்துங்கள். உள்ளே ஏதோ ஒரு பாகம் இடிக்கிறது, அல்லது பாதி வளைந்திருக்கிறது. இடிப்பதைத் தேய்க்கலாம். வளைந்ததை வெந்நீரில் காட்டி மெல்ல நிமிர்த்தலாம். இடைவெளியில் பிளாஸ்டிக் தகடு செருகலாம். கிளிப்பைத் தேடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

தமிழில் கிட் விமர்சனம் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை பாகம், எத்தனை ஸ்டிக்கர் என்பதோடு இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்: பசையில்லாமல் பொருத்திக் கையை எடுத்தால் எது நிற்கிறது, எதற்கு டேப் போதும், எதற்குக் கிளிப் போட்டு அமுக்க வேண்டியிருந்தது. இதைப் படித்துவிட்டு வாங்கும் பத்தாம் வகுப்புப் பையனோ பொண்ணோ இறக்கை கோணலானால் உடனே தன் கையைச் சந்தேகப்பட மாட்டார்கள். முதலில் ஜன்னல் பக்கம் போவார்கள்.